ஷம்ஷாத் ஒரு முறைதான் போன் செய்தார்

ஷம்ஷாத்தை நான் நான்கு வருடமாக ஆயாம்மா என்றுதான் கூப்பிட்டேன். கோபாலபுரத்தில் டாக்டர் கதிரேசன் நடத்தும் நாய், பூனை கிளினிக்கில் அவர் வேலை பார்த்தார். எங்கள் நாய் லட்டுவைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோகும்போதெல்லாம் அதைத் தூக்கி மேஜைமேல் வைத்து, அசையாமல் அணைத்துப் பிடித்துக்கொள்வார். டாக்டர் ஊசி போடுவார். நான் டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுவேன். ஒரு தீபாவளிக்கு என் பழைய புடவைகள் இரண்டைப் பையில் போட்டு அவரிடம் கொடுத்தேன். "குட்டிங்களுக்கு விரிக்க ஆவும் மேடம்," என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். அவர் உடுத்திக்கொள்ளத்தான் கொடுத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் யார், என்ன செய்கிறவர் என்பதையெல்லாம் லட்டு போன பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ராயப்பேட்டையில் பிறந்தவர். அப்பா மெஹபூப் பாஷா துணியில் ஜரிகை வேலை செய்தவர். ஷம்ஷாத் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்ந்து, அங்கேயே நர்ஸ் வேலை பழகி, பதினைந்து வருடம் பார்த்தார். அந்த ஆஸ்பத்திரியை மூடியபோது அவருக்கு முப்பத்து நான்கு வயது. கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகள் மஹ்விஷ் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். வேலை தேடிப் போய்க்கொண்டிருந்த ஒரு நாள், கிளினிக் கதவில் ஆள் தேவை என்று ஒட்டியிருந்ததைப் பார்த்து உள்ளே நுழைந்தார்.

முதல் வாரம் முழுக்கக் கூண்டு கழுவினார். இரண்டாவது வாரம் ஒரு பூனைக்குட்டி வந்தது. வாந்தியெடுத்து உடம்பில் நீரே இல்லாமல் துவண்டிருந்தது. டிரிப்ஸ் ஏற்ற நரம்பு கிடைக்காமல் கதிரேசன் நான்கு தடவை குத்திப் பார்த்துவிட்டார்.

"நான் ஒருவாட்டி பாக்கட்டா சார்? பொறந்த கொழந்தைக்கே ஏத்திகினு இருந்தவ நான்," என்றாராம் ஷம்ஷாத். முதல் குத்திலேயே ஏறிவிட்டது.

அன்றிலிருந்து கதிரேசன் அவருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். ஆபரேஷன் நடக்கும்போது டாக்டரின் கண் கத்தி வைக்கும் இடத்தில் இருக்கும். மயக்கத்தில் கிடக்கும் பிராணியின் மூச்சையும் நாடியையும் ஷம்ஷாத் பார்த்துக்கொள்வார். முடிந்த பிறகு அது கண் திறக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். மணி, சூடு, நாடி, ஈறின் நிறம் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பார். இந்த வேலைக்கென்று அவர் கையில் எந்தச் சான்றிதழும் கிடையாது. வீட்டருகே, நாயைத் தொட்டுப் பிழைக்க வேண்டுமா என்று கேட்டவர்களும் உண்டு. தினமும் கிளினிக்கிலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். மஹ்விஷின் பள்ளிக்கூடத்தில் அம்மாவின் வேலை நர்ஸ் என்று எழுதிக் கொடுத்திருந்தார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாராம்.

போன வருடம் ஆடி மாதம் லட்டுவுக்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடித்துவிட்டது. ஒன்பது வயது நாய். ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஒரு ராத்திரி அங்கேயே வைத்திருந்தார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு டாக்டர் தையலைப் பார்த்துவிட்டு, கஞ்சி குடித்தால் கூட்டிப் போகலாம் என்று எனக்குப் போனில் சொன்னார். பிறகு அடையாறில் வேறொரு கேஸைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் போனபோது பத்து மணி. எனக்கு அவசரம். என் கணவர் துரைராஜின் ஜவுளிக்கடை தி.நகரில் இருக்கிறது. ஆடித் தள்ளுபடி நேரத்தில் நானும் கடையில் நிற்க வேண்டும். லட்டுவை வீட்டில் விட்டுவிட்டு ஓடலாம் என்று வந்திருந்தேன். ஷம்ஷாத் கூண்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும். ஈறு வெளுப்பா கீது. நாடியும் வேகமா ஓடுது."

"டாக்டர் பார்த்தாரா?"

"அவர் பாக்கறப்ப இப்டி இல்ல. இப்பத்தான் மாறிச்சு. சாருக்கு அடிச்சேன், எடுக்கல."

"டாக்டரே கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டார். நீங்க டாக்டரா?"

நான் குரலை உயர்த்தவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டேன். அவர் கூண்டைத் திறந்து, லட்டுவைத் துணியில் சுற்றி, ஆட்டோவரை தூக்கிவந்து என் மடியில் வைத்தார். ஒரு சீட்டில் தன் நம்பரை எழுதி என் கையில் கொடுத்தார்.

மந்தைவெளி வீட்டில் அதைப் படுக்க வைத்துவிட்டு, சமையல் செய்யும் புஷ்பத்திடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். இரண்டு மணிக்கு ஷம்ஷாத் போன் செய்தார்.

"எந்திரிச்சுதா மேடம்? மேல் ஒதட்டத் தூக்கி ஈற விரலால அழுத்தி விடுங்க. செவப்பு ஒடனே திரும்பி வருதான்னு பாருங்க."

என் எதிரே பத்துப் பேர் நின்றிருந்தார்கள். வீட்டில் இல்லை என்று சொல்லத் தோன்றவில்லை. புஷ்பத்தைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லவும் தோன்றவில்லை. "அது தூங்குது. எதுவா இருந்தாலும் டாக்டர் பேசட்டும்," என்று வைத்துவிட்டேன். அதோடு விட்டேனா? கிளினிக் மேனேஜரைக் கூப்பிட்டு, "உங்க ஆயாம்மா எனக்கு நேரா போன் பண்ணி பயமுறுத்துறாங்க. இதெல்லாம் பழக்கப்படுத்தாதீங்க," என்று புகார் சொன்னேன். மன்னிப்புக் கேட்டார். எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

நாலரை மணிக்குப் புஷ்பம் கூப்பிட்டாள். "அக்கா, காது ஜில்லுனு இருக்கு. கூப்பிட்டா பாக்க மாட்டேங்குது."

அவளை லட்டுவோடு உடனே ஆட்டோ பிடித்துக் கிளினிக்குக்கு வரச் சொல்லிவிட்டு நான் கடையிலிருந்து கிளம்பினேன். நான் போய்ச் சேர்ந்தபோது லட்டு மேஜைமேல் கிடந்தது. கதிரேசன் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். ஷம்ஷாத் குனிந்து இரண்டு கையாலும் அதன் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். டாக்டர் போதும் என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் அழுத்தினார்.

உள்ளே கட்டியிருந்த ரத்தக்குழாய் ஒன்றில் கட்டு நழுவி, மெல்ல மெல்ல வயிற்றுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. "நான் போட்ட கட்டுதான். தப்பு என்னுது," என்றார் கதிரேசன். பிறகு தரையைப் பார்த்தபடி, "ரெண்டு மணிக்கு வந்திருந்தா திறந்து கட்டியிருக்கலாம்," என்றார். மேஜை ஓரத்தில் அந்த நோட்டு இருந்தது. பத்து மணிக்கு நேராக, ஈறு வெளுப்பு, நாடி நூற்று அறுபது, அனுப்ப வேண்டாம் என்று சொன்னேன், என்று எழுதியிருந்தது.

அன்றைக்கு நான் ஷம்ஷாத்திடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மாதம் கழித்து மனத்தைத் தேற்றிக்கொண்டு போனபோது அவர் வேலையை விட்டிருந்தார். என் புகாருக்குப் பிறகு, பிராணிகளை வளர்ப்பவர்கள் யாருக்கும் நேராகப் போன் செய்யக் கூடாது என்று மேனேஜர் அவருக்குச் சொல்லிவிட்டாராம். லட்டு போன பிறகும் அந்த உத்தரவை யாரும் திரும்பப் பெறவில்லை. கதிரேசனுக்கு அது தெரியவந்தபோது ஷம்ஷாத் போய்விட்டிருந்தார்.

சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். அடையாறில் ஒரு வீட்டில், படுக்கையில் இருக்கும் வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார் என்று தெரிந்தது. வரச் சொன்னார். மாடியில் அந்த அம்மா தூங்க, பக்கத்து அறையில் உட்கார்ந்து பேசினோம்.

"என்னாலதான் இதெல்லாம்," என்றேன்.

அவர் இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை.

"மூணு மணிக்கு உங்க நம்பர எடுத்து வெச்சுகினு ஒக்காந்திருந்தேன் மேடம். மேனேஜர் அப்பத்தான் திட்டிட்டுப் போயிருந்தாரு. வேல போயிடுமோன்னு பயந்துட்டேன். அடிச்சிருக்கணும். போனா போவட்டும்னு அடிச்சிருக்கணும்."

கதிரேசன் அவரைத் திரும்பக் கூப்பிடுகிறார், நானும் மேனேஜரிடம் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

"அதுங்க வாயத் தொறந்து சொல்லாது. பாக்கறவதான் சொல்லணும். சொன்னா, நீ யாருன்னு கேக்கறாங்க. இங்க அம்மாவுக்கு பிபி ஏறிச்சின்னு போன் பண்ணா, புள்ள மீட்டிங்ல இருந்தாலும் எடுக்கறாரு. சிஸ்டர்னுதான் கூப்புடறாரு."

பிறகு அவர், ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியும்போது நாய்கள் முதலில் மூக்கை ஆட்டும், அதற்குப் பிறகுதான் கண் திறக்கும் என்று சொன்னார். அதைச் சொன்னபோது மட்டும் முகம் மாறியது. உள்ளே அந்த அம்மா இருமும் சத்தம் கேட்டது. எழுந்து போனார். பத்து நிமிடம் காத்திருந்தேன், வரவில்லை. கதவோரம் எட்டிப் பார்த்தேன். அந்த அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொந்தரவு செய்யாமல் படி இறங்கிவிட்டேன்.

கதிரேசன் கிளினிக்கில் அதற்குப் பிறகு இரண்டு பேரை வேலைக்கு எடுத்தார்கள். இருவருமே நிலைக்கவில்லை.