பூட்டனின் துவக்கும் ஓர் ஆணியும்

இன்றைக்கும் வாசலில் ஏதாவது வாகனம் வந்து நின்றால், நான் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் முன்கதவுக்குப் போவேன். வந்தவர் மின்மானி பார்க்கிறவர் என்று தெரிந்த பிறகும் அதைச் சாத்த மாட்டேன். இந்த வியாதி எனக்குப் பத்து வயதில் தொற்றியது. தொற்ற வைத்தவர் நான் கண்ணால் கண்டிராத என் பூட்டன்.

வெள்ளைக்காரன் முத்துக்குளிப்பு நடத்திய நாட்களில் பூட்டன் சிலாவத்துறையில் காவல் நின்றவர். எல்லோரும் முத்துக் கொண்டுவந்த இடத்திலிருந்து எங்கள் ஆள் துவக்கைக் கொண்டுவந்திருக்கிறார். மன்னாரில் எங்கள் வீட்டு ஓலைக் கூரையைப் பிரித்து ஓடு போடத் தொடங்கிய அன்று, கூரை வளையோடு கட்டியிருந்த பாய்ச்சுருள் அறுந்து விழுந்தது. அதற்குள் அது படுத்திருந்தது.

அது 1990, சுற்றிவளைப்புக் காலம். எந்தக் காலையிலும் ஆமி வீடு வீடாக வரும். கூரையில் துவக்கு வைத்திருந்த வீட்டுக்காரனை ஜீப்பில் ஏற்றினால் எப்போது இறக்குவார்கள் என்று கேட்க ஆளில்லை. அம்மா அதைச் சொல்லவில்லை. உலை கொதித்துக்கொண்டேயிருந்தது, அரிசி போட மறந்து, வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாளும் அதே தண்ணீர்தான் கொதித்தது. நானும் தங்கச்சியும் பாணும் சீனியும் தின்றோம். அப்பா முற்றத்தில் நடந்து நடந்து ஒரு பாதையே போட்டுவிட்டார்.

அன்று சித்தப்பா வந்தார். நில அளவைக் கந்தோரில் வேலை. வரைபடம் பார்க்கிற பூதக்கண்ணாடி எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் இரும்பைத் துடைத்து, குனிந்து வாசித்தார். பக்கத் தகட்டில் ஒரு முடி, அதன் கீழே மகாராணியின் இரண்டு எழுத்து, அதற்குக் கீழே 1896. மேலே இழுக்கிற பூட்டு இல்லை. அடியில் இருக்கிற பிடியைக் கீழே இறக்கி, ஒவ்வொரு தரமும் ஒற்றைக் குண்டு போட வேண்டும். மார்ட்டினி வகை என்றார். பிடியை இறக்கப் பார்த்தார், துரு விடவில்லை.

பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"பயப்பிடாதேங்கோ அண்ணி. நூறு வருஷம் போனால் அது ஆயுதம் இல்லை, நூதனசாலைச் சாமான். சட்டமே இருக்கு."

அம்மா எழுந்துபோய் அரிசி கழுவினார்.

துவக்கோடு தெருவில் இறங்கினால் கதை வேறாகிவிடும் என்பதால், சித்தப்பா ஒரு கடிதம் எழுதினார். பங்குச் சுவாமியார் அதை ஆமிக் காம்புக்குக் கொண்டுபோனார். அடுத்த நாள் ஆமிப் பெரியவர் ஒருவர் வந்து பொருளை எடுப்பார் என்று செய்தி வந்தது.

நான் அதற்குள் ஒரு கழித்தல் கணக்குச் செய்திருந்தேன். தொண்ணூற்று நான்குதான் வந்தது. திருப்பிச் செய்தேன், அப்போதும் அதே விடை. சட்டத்துக்கு ஆறு வருடம் குறைகிறது, பெரியவர்கள் ஒருவரும் கழித்துப் பார்க்கவில்லை, அப்பாவை ஏற்றப் போகிறார்கள். இதைச் சொன்னால் அம்மா மறுபடி வெறும் தண்ணீர் கொதிக்க வைப்பார். ஆகவே மத்தியானம் அம்மா மடு மாதாவுக்குச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது நான் கூரை ஆணி ஒன்றை எடுத்தேன். ஒன்பதின் வால் வளைந்துதான் இருந்தது. ஒரு சின்னக் கோடு இழுத்தேன், எட்டானது. 1886. பத்து வருடம் இலாபம்.

ஆனால் கறுத்த இரும்பில் அந்தக் கோடு மட்டும் வெள்ளிபோல மினுங்கியது. எதையும் ஒரே நிறமாக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பெருநாளுக்கு முதல் கோவில் மெழுகுதிரித் தண்டுகளை அம்மாக்கள் புளியும் சாம்பலும் போட்டு மினுக்குவார்கள். நானும் போட்டேன், தேய்த்தேன். அத்தனை வருடமாகக் கிழடு தட்டிக் கிடந்த துவக்கு, முந்தாநாள் கப்பலால் இறங்கியதுபோல் ஆனது. பாயைச் சுற்றிவிட்டு ஓடிப்போய் ஆட்டுக் கொட்டிலுக்குள் ஒளிந்தேன். ஆடு என்னை ஏற்கவில்லை.

காலையில் ஜீப் வந்தது. சுவாமியாரோடு பெரியவர் இறங்கினார். பாயை விரித்ததும் சித்தப்பாவின் வாய் திறந்தபடி நின்றது. பெரியவர் கடிதத்தைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், மறுபடி கடிதத்தைப் பார்த்தார். சிங்களத்தில் மெதுவாக ஏதோ கேட்டார். சுவாமியாரின் குரல் இறங்கியது.

"கடிதத்தில தொண்ணூற்றாறாம். இதில எண்பத்தாறாம். அப்ப மற்றத் துவக்கு எங்க எண்டு கேக்கிறார்."

கடிதத்தில் ஆண்டையும் எழுதியிருப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. ஓர் ஆணியால் வீட்டில் இரண்டாவது துவக்கு ஒன்றை உண்டாக்கிவிட்டிருந்தேன். சிப்பாய் ஒருவன் அப்பாவின் பக்கம் நகர்ந்தான்.

"மற்றது இல்லை சுவாமி," என்றேன். பாதிச் சொல் அழுகையாகத்தான் வந்தது. "நான்தான் ஒன்பதை எட்டாக்கினனான். நூறுக்கு ஆறு வருஷம் காணாது. சித்தப்பாதான் சட்டம் சொன்னவர்."

சுவாமியார் மொழிபெயர்த்தார். பெரியவர் சித்தப்பாவின் பூதக்கண்ணாடியை வாங்கிக் கோட்டைப் பார்த்தார். என் விரல்களைப் பிடித்துப் புளிக் கறையையும் பார்த்தார். பிறகு சித்தப்பாவிடம், அது எந்தச் சட்டம் என்று கேட்டார்.

சித்தப்பா பூதக்கண்ணாடியைத் திருப்பி வாங்கி, துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

பெரியவரின் மீசை ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. கடிதத்தின் பின்னால் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். துவக்கு ஜீப்பில் ஏறியது, அப்பா ஏறவில்லை. புழுதி அடங்கியதும் சித்தப்பா திண்ணைக் குந்திலே இருந்து மூன்று செம்பு தண்ணீர் குடித்தார்.

எனக்கு அவரை நினைத்து வெட்கமாக இருந்தது. இவ்வளவு படித்த மனிதர், தேவையான நேரத்தில் சட்டத்தின் பெயரை மறந்துவிட்டாரே. என்றாவது ஞாபகம் வரும் என்று, வருகிற போகிற நேரமெல்லாம் அவரிடம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் அடுப்படியில் நிற்கும் அம்மாவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, என் தலையில் குட்டுவார்.