தெரிந்தும் பேசாத ஹிந்தி

சென்னையில் ஹிந்தித் தேர்வுகள் பலவற்றில் தேறியவன் நான். ஆனால் டெல்லியில் ஒருமுறை என் உச்சரிப்பைக் கேட்டு நாலு பேர் சிரித்ததிலிருந்து, யார் கேட்டாலும் ஹிந்தி தெரியாது என்றே சொல்லிவந்தேன். 1998இல் நியூ ஜெர்சி வெஸ்ட் வின்ட்சரில் குடியிருந்தபோது, பக்கத்து வீட்டுக் கான்பூர்க்காரர் திவாகரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

ஒரு ஞாயிறன்று ஊரில் அவருடைய அம்மா இறந்துபோனார். விசா சிக்கலால் அவரால் போக முடியவில்லை. நானும் மனைவியும் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனபோது, தங்கையுடன் போனில் ஹிந்தியில் பேசிக்கொண்டிருந்தார்.

"அம்மாவைப் பற்றி இங்கிலீஷில் என்ன சொல்ல? நம் மொழியில் அழக்கூட இங்கே ஆளில்லை."

எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஐயாம் சாரி, திவாகர்" என்றேன். "தேங்க் யூ" என்றார்.

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள். "உங்களுக்குத்தான் ஹிந்தி தெரியுமேங்க. ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாம்ல?"

"இத்தனை நாள் பொய் சொன்னேன்னு தெரிஞ்சிடுமே."

"அதுவா இப்ப முக்கியம்?"

நான் திரும்பிப் போகவில்லை. அடுத்த மாதம் அவர் வேலை மாறி டெக்சாஸ் போய்விட்டார்.

உங்கள் அம்மா எப்படிப்பட்டவர் என்று அவர் மொழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அந்த வாக்கியத்தை என்னால் பிழையில்லாமல் சொல்லியிருக்க முடியும்.