கழுதை உருவிய வாளும் நான் வைத்த நெல்லிக்கனியும்

சென்னையிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். சிறிய பதிப்பகம் ஒன்றில் ஆசிரியர். குரலை வைத்துப் பார்த்தால் என் வயதில் பாதி இருக்கலாம். வெளிநாட்டுச் சித்திரக்கதைத் தொடர் ஒன்றைத் தமிழில் கொண்டுவரப் போகிறார்களாம். கையை உள்ளே விட்டு ஆட்டும் துணிப் பொம்மைகள் சில, ஒரு காலத்தில் டிவியில் வந்து பல நாட்டுப் பிள்ளைகளுக்குச் செல்லமாக இருந்தவை. அந்தப் பொம்மைகள் பழைய வீரக் கதைகளில் வேஷம் கட்டி நடிக்கப் போய், கதையைக் குட்டிச்சுவராக்குவதுதான் ஒவ்வொரு புத்தகமும். நகைச்சுவையாக எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்று விசாரித்தபோது யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். யார் அந்தப் பாவி என்று இன்றுவரை தெரியவில்லை.

"உங்களுக்கு அந்த பொம்மைங்கள தெரியும்தானே சார்?" என்று கேட்டார்.

"என்னங்க இப்பிடிக் கேட்டுட்டீங்க. அதுங்களோடதான் நான் வளந்தேன்" என்றேன்.

நான் வளர்ந்தது தர்மபுரி மாவட்டத்தில் மொரப்பூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், இரண்டு எருமைகளோடும் ஓர் அண்ணனோடும். எங்கள் வீட்டுக்கு டிவி வந்தபோது எனக்கு மீசை முளைத்திருந்தது. அதிலும் அப்பா பார்க்க விட்டது செய்தியையும் உழவர்களுக்கான நிகழ்ச்சியையும்தான். இருந்தாலும் 'தெரியாது' என்ற சொல் என் வாயில் எளிதில் வராது. தமிழில் எம்.ஏ. முடித்துவிட்டு, சேலத்தில் பள்ளிக்கூட நோட்ஸ் போடும் ஓர் அச்சகத்தில் பத்தொன்பது வருடமாகப் பிழை திருத்திக்கொண்டிருக்கிறேன். அடுத்தவர் தவறைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நகைச்சுவைக்கும் என்னிடம் ஆதாரம் உண்டு. கல்லூரியில் படித்தபோது ஒரு வார இதழில் என் துணுக்கு ஒன்று வந்தது. அதை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன்.

முதல் புத்தகம் வாட்ஸப்பில் வந்தது. படங்கள் அப்படியே இருந்தன, பேச்சுக்கான பலூன்கள் மட்டும் காலி. வசனம் தனியாக ஆங்கிலத்தில். அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை: பாறையில் செருகிய வாளை எவன் உருவுகிறானோ அவனே அரசன். இதில் உருவ வருவது காது கிழிந்த ஒரு கழுதைப் பொம்மை. அது இழுக்கிற இழுப்பில் வாள் வருகிறது, கூடவே பாறையும் வருகிறது. கதை முடியும்வரை கழுதை பாறையோடு சேர்த்தே வாளைத் தூக்கிக்கொண்டு திரிகிறது. ஏரியிலிருந்து கையை மட்டும் நீட்டும் தேவதையாக ஒரு கோழி. முகம் தெரியாத வேஷம் வேண்டாம் என்று அது கரையிலேயே சண்டை போடுகிறது. மந்திரவாதியாக ஓர் ஆந்தை. மந்திரம் பாதியில் இருக்கும்போதே தூங்கிவிடுகிறது.

இரண்டு முறை படித்தேன். ஒரு முறைகூடச் சிரிப்பு வரவில்லை. குறை என்னிடம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தமிழ் வாசகனுக்கு இந்த வாளும் தெரியாது, பாறையும் தெரியாது, தெரியாத கதையைக் கிண்டல் செய்தால் அவன் எப்படிச் சிரிப்பான் என்று ஒரு முடிவுக்கு வந்தேன். அது பாதி சரி என்று இன்றும் நினைக்கிறேன். மீதிப் பாதிதான் என்னைக் கவிழ்த்தது.

தர்மபுரிக்காரனுக்குக் கதைக்கா பஞ்சம்? தின்றால் நெடுநாள் வாழலாம் என்ற நெல்லிக்கனி கைக்கு வந்தும், தான் தின்னாமல், தேடி வந்த முதிய பெண் புலவருக்குக் கொடுத்துவிட்ட அரசன் ஆண்ட மண் இது. கழுதையை அந்த அரசனாக்கினேன். கோழியைப் புலவராக்கினேன். வாளை என்ன செய்வது? நெல்லிமரம் மலைப்பிளவில் நின்றதாகத்தானே சொல்கிறார்கள். ஆகவே அரசர் கனிக்காகப் பாறையைப் பிளக்கிறார். ஏரி எதற்கு? நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்குமல்லவா, அதற்கு. நாற்பத்தெட்டுப் பக்கத்தில் எங்குமே ஒரு நெல்லிக்காய் வரையப்படவில்லை என்பது எனக்கு ஒரு குறையாகப் படவில்லை. வசனத்தால் சமாளித்துவிடலாம் என்று நம்பினேன்.

மூன்று வாரம் கழித்து முதல் பத்துப் பக்கத்தை அனுப்பினேன். ஆசிரியர் கூப்பிட்டார்.

"தமிழ் ரொம்ப நல்லாருக்கு சார்" என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பிக்கிறவர்கள் அதோடு நிறுத்துவதில்லை. "நாலாம் பக்கத்துல கழுதை பேசறது பலூன்ல அடங்கல. பலூனைப் பெரிசாக்கினா கழுதையோட தலை மறையுது. இன்னும் பெரிசாக்கினா கோழியும் போயிடுது."

"எழுத்த கொஞ்சம் சின்னதாக்கிப் பாருங்களேன்."

"ஆக்கிட்டேன் சார். மாத்திரை அட்டைக்குப் பின்னாடி இருக்குமே, அந்த மாதிரி இருக்கு."

அந்த இடத்தில் கழுதை மூலத்தில் பேசுவது மூன்றே சொல்: 'ஐயோ, கல்லும் வருதே.' நான் எழுதியிருந்தது: 'கிடைத்தற்கரிய கனியைக் கொய்யும் பொருட்டு இக்குன்றினை என் வாளால் இருகூறாக்கத் துணிந்தேன், எனினும் குன்றோ என்னைப் பிரிய மறுக்கின்றது.' எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. சுருக்க மனம் வரவில்லை.

பதிப்பகத்துக்கு ரசனை போதாது என்று நினைத்து, வாசகர் கருத்தை நேரடியாகக் கேட்பது என்று கிளம்பினேன். என்னோடு தினமும் ரயிலில் சேலம் வருகிறவர் ஒருவர், ஆய்வகம் ஒன்றில் ரத்தம் பரிசோதிக்கிறவர். பத்துப் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வண்டி மொரப்பூரை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொம்மிடி வரை ஒன்றும் நடக்கவில்லை. லோகூர் தாண்டியபோது உதடு லேசாக அசைந்தது. கொட்டாவி.

கடைசிப் பக்கத்தை முடித்து, அடுக்கி, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "நல்லா வந்துருக்குதுங்க சார். தோட்டக்கலை ஆபீஸ்ல இருந்து போடறாங்களா?"

"ஏங்க?"

"இல்ல, நெல்லி சாகுபடியப் பத்தி இருக்குதே, அதான் கேட்டேன்."

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் என் மனைவி குக்கரில் கறியை ஏற்றிவிட்டுச் சாப்பாட்டு மேசையைத் துடைக்க வந்தாள். அவள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். நான் எழுதுவதை அவள் படிப்பதில்லை; நானும் படிக்கச் சொல்வதில்லை, அவளுக்கு இலக்கியத்தில் நாட்டமில்லை என்று கல்யாணமான புதிதிலேயே தீர்மானித்திருந்தேன். மேசையில் பிரிண்ட் எடுத்த தாள்கள் கிடந்தன. துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"இந்தக் கோழி நம்ம வூட்டுக்கு எப்பிடிங்க வந்துச்சு?"

"உனக்கு இதத் தெரியுமா?"

"கான்வென்ட் ஹாஸ்டல்ல சிஸ்டருங்க கேசட் போட்டுக் காட்டுவாங்க. சனிக்கெழம ஆனா போதும், இந்தக் கழுதையப் பாக்கறதுக்காகவே தட்டெல்லாம் அவசரமா கழுவிப் போட்டுட்டு ஓடுவோம்."

கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். கழுதையைப் பற்றிப் பேச ஒரு சந்தர்ப்பம் வரவில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். வசனமே இல்லாத கட்டங்களில் சிரித்தாள். என் வசனம் இருக்கும் கட்டங்களில் அவள் நெற்றி சுருங்கியது, சரியாக எழுதப்படாத மருந்துச் சீட்டைப் படிக்கிறவள் போல.

"என்னாங்க இது, கழுதை இப்பிடியெல்லாம் பேசாதுங்க. அது ஒரு பேச்ச முழுசா முடிச்சதே கெடையாது. பாதியிலயே மறந்துரும். நெல்லிக்கா எங்கங்க இருக்குது?"

"அது குறிப்பால உணர்த்தப்படுது."

"கழுதையாலயா?"

இது பகடி, பழைய கதையைக் கிண்டல் செய்வது, அதற்கென்று ஓர் இலக்கணம் இருக்கிறது என்று விளக்கத் தொடங்கினேன். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அதுங்க கிண்டல் பண்ணலீங்களே. அதுங்களுக்கு அந்தக் கதை ரொம்பப் பெரிசு. நெசமாலுமே ராசாவாட்டம் நடிக்கோணும்னுதான் வருதுங்க. முடியமாட்டேங்குது. அதான் நமக்குச் சிரிப்பு."

பிறகு, நான் கேட்காமலேயே, தாளைக் கையில் வைத்துக்கொண்டு கோழியின் குரலில் பேசிக் காட்டினாள். "கை மட்டும்னா நான் வரமாட்டேன். மொதல்ல எனக்குக் கையே கெடையாது."

நான் சிரித்தேன். அந்தப் புத்தகம் வந்ததிலிருந்து முதல் தடவையாக. சிரிப்பு இருமலாகி, அவள் எழுந்து தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் எனக்கு வருத்தம் வந்துவிட்டது. மூன்று வாரம் உழைத்தவன் நான்.

அதற்குப் பின் அவள் சொல்ல நான் எழுதினேன். டியூட்டி முடிந்து வந்து காய் நறுக்கியபடியே ஒவ்வொரு பொம்மையாகப் பேசுவாள். ஆந்தைக்கு அவள் கொடுத்த கொட்டாவியை எழுத்தில் கொண்டுவர ஒரு மாலை முழுக்கப் போயிற்று. இடையிடையே நான் ஓர் ஒற்றெழுத்தைச் சேர்ப்பேன். "கழுதைக்கு ஒத்தெல்லாம் தெரியாதுங்க" என்று அடிக்கச் சொல்வாள். விருந்துக் காட்சி ஒன்றில் தட்டில் உருண்டையாக ஏதோ பச்சையாக இருந்தது. அங்கே மட்டும் 'நெல்லிக்காயா இது?' என்று ஒரு வசனம் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றாள்.

முழுப் புத்தகத்தையும் அனுப்பிய மூன்றாம் நாள் காலை ஆசிரியர் கூப்பிட்டார். "ஆபீஸ்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம் சார். எப்பிடி சார், வேற ஆள் எழுதின மாதிரி இருக்கு?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நொடி கிடைத்தது. "அதுங்களோடவே வளந்தவன் இல்லைங்களா" என்றேன்.

என் மனைவி மூன்றடி தள்ளி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள். பாக்ஸை என் பைக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். மதியம் திறந்து பார்த்தேன். தயிர் சாதத்தில் உப்பு சரியாக இருந்தது, மோர்மிளகாய்கூட வைத்திருந்தாள். உப்பில்லாமல் இருந்திருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

சாயங்காலம் நானே பேச்சைத் தொடங்கினேன். "அந்தம்மா காலைல போன் பண்ணுச்சு."

"கேட்டுச்சுங்க."

"நல்லா வந்துருக்குதாம்."

"வரட்டும்." துணியை மடித்துக்கொண்டே, காய்ச்சல் அளவைப் படித்துச் சொல்லும் குரலில் சொன்னாள். "பொம்மைங்களோட வளந்தது நானுங்க. நீங்க எருமையோட வளந்தீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். அதற்கும் வழி வைக்கவில்லை.

மறுநாள் சேலம் பிளாட்பாரத்தில் நின்று ஆசிரியரைக் கூப்பிட்டேன். வசனம் எழுதியது என் மனைவி, நான் பேனா பிடித்தேன், அந்தப் பொம்மைகளை இதற்கு முன் பார்த்ததுகூட இல்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் பேசிய வாக்கியங்களிலேயே அதுதான் ஜோடனை இல்லாதது என்று நினைக்கிறேன்.

"அப்ப, விருந்துல அந்த நெல்லிக்காய் ஜோக்?"

"அது என்னுதுங்க."

"அத எடுத்துடலாமா சார்?" என்றார். பிறகு, "மேடம் நம்பர் கொஞ்சம் அனுப்புங்க."

புத்தகம் போன மாதம் கூரியரில் வந்தது. அட்டையில் கழுதை, வாள், பாறை. கீழே மொழிபெயர்ப்பாளர் என்று என் மனைவியின் பெயர். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பெயரை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, அடுப்பைக் கவனிக்கப் போனாள். உள்ளே மூன்றாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் 'மெய்ப்பு பார்த்தவர்' என்று என் பெயர் இருந்தது. மெய்ப்புக்கும் பார்த்தவருக்கும் நடுவில் ஒரு 'ப்' வர வேண்டும். அது இல்லை. அச்சுக்குப் போகும் முன் அந்தப் பக்கத்தை இரண்டு முறை பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான். டைப் அடிக்கும் பையன்கள் இந்த ஒற்றை விட்ட நோட்ஸை வைத்துக்கொண்டு எத்தனையோ நாள் அச்சகத்தில் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

"என்னாங்க அவ்ளோ நேரமா ஒரே பக்கத்தப் பாக்கறீங்க?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. பேப்பர் நல்ல பேப்பரா இருக்குது."

இப்போது இரண்டாவது புத்தகம் நடக்கிறது. பணக்காரர்களிடம் கொள்ளையடித்து ஏழைகளுக்குக் கொடுக்கும் வில்லாளியின் கதை. கழுதைதான் வில்லாளி, அது எய்கிற அம்பெல்லாம் ஆந்தையின் தொப்பிக்கே போகிறது. நேற்று மாலை பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றுகொண்டு, "அம்பு போய்த் தொப்பியில குத்துனா என்னா சத்தமுங்க வரும்?" என்று கேட்டாள். ஓர் எம்.ஏ.க்குத் தெரிந்த ஒலிக்குறிப்புகளில் நான்கைச் சொன்னேன். நான்கையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, ஐந்தாவதாக ஒன்றை அவளே எழுதிக்கொண்டாள்.