போனில் வரும் ஆல்பங்கள்

போனிலேயே படங்களை அடுக்கி, பூவும் இதயமும் ஒட்டி, ஆல்பப் பக்கம் செய்து அனுப்புவது வாடிக்கையாளர் வேலை. அது தாளில் மங்கலாக விழுந்தால் பேச்சு வாங்குவது என் வேலை. வெள்ளவத்தையில் பிரிண்ட் கடை வைத்திருக்கிறேன். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சகபாவிகளே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

அரங்கேற்றம்

ஹெவ்லொக் டவுனிலிருந்து ஓய்வுபெற்ற இஞ்சினியர் ஒருவர், லண்டன் பேத்தியின் அரங்கேற்றப் பக்கங்களைக் கொண்டுவந்தார். மகள் மருமகனுக்கு அனுப்பி, மருமகன் சம்பந்திக்கு அனுப்பி, கடைசியில் இவரிடம் வந்து சேர்ந்தவை. கைமாறக் கைமாறப் படம் தேய்ந்துவிடும், மகளிடமே நேரே கேட்டு வாங்குங்கள் என்று பக்குவமாகச் சொன்னேன். மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பிள்ளை, இது லண்டனில எடுத்த படம். எப்பிடி மங்கும்?"

ரகசியம்

தெமட்டகொடை பர்ஸானா, கணவரின் பிறந்தநாளுக்கு ரகசியமாக ஆல்பம் செய்தார். என் கடைப் பெயரையும் எழுதி எனக்கு அனுப்புவதாக நினைத்து, குடும்பக் குழுவுக்கு அனுப்பிவிட்டார். பதறிப்போய் உடனே அதை அழித்துவிட்டு எனக்கு அனுப்பினார். மறுநாள் கடையில் வந்து நின்றது கணவர். திரையில் திறந்திருந்த ஆல்பத்தைச் சட்டென்று மூடினேன். அவரோ குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தங்கச்சி, நான் வாயப் பொளந்து தூங்குற அந்தப் போட்டோவ மட்டும் மாத்துங்க. நான் வந்தத அவகிட்ட சொல்லிராதீங்க."

மூலையில் ஒரு முகம்

கொட்டாஞ்சேனை தர்ஷினி வந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணம் முடிந்த கையோடு கணவன் கனடாவுக்குத் திரும்பிவிட்டான். இவள் போக விசா கேட்டதற்கு, ஒருமுறை மறுத்துவிட்டார்கள். கல்யாணம் உண்மைதான் என்று படங்களோடு காட்டச் சொல்லியிருந்தார் சட்டத்தரணி. கல்யாணப் படங்களை விட்டால், அவளிடம் இருந்ததெல்லாம் வீடியோ கோலில் பிடித்தவை. எல்லாவற்றிலும் அவன் முகம் பெரிதாக, மங்கலாக. அவள் மூலையில் சின்னதாக.

எனக்கு மனம் கேட்கவில்லை. அந்தச் சின்ன முகத்தைப் பெரிதாக்கி, இரண்டு பேரையும் ஒரு பூங்காவில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்துத் தருகிறேன் என்றேன். அவள் அவசரமாகத் தலையாட்டி மறுத்தாள். "வேண்டாம் அக்கா. நாங்க பக்கத்தில நிண்டிருந்தா இந்த விசாவே தேவையில்லையே."

மங்கலான படத்தை மங்கலாகவே அடித்துக் கொடுத்துவிட்டு, அவளுக்கு விசா கிடைக்கவேண்டுமென்று பிள்ளையாருக்குத் தேங்காயும் நேர்ந்துகொண்ட பிரிண்ட் கடைக்காரி இந்தக் கொழும்பில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.