பருவுக்கு வந்தவர்கள்

செய்தியை அம்மாதான் சொன்னாள். கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அந்த மாம்பலம் ஸ்கின் டாக்டர் போயிட்டாளாம்டீ. பாவம். உனக்குப் பரு பார்த்தாளே. என்ன பார்த்து என்ன, உன் மூஞ்சி தேறவே இல்லை."

தேறாது. மாலதி டாக்டரிடம் நான் பருவுக்குப் போகவில்லை.

பிளஸ் டூ படித்த வருடம். மழைக்காலம். ஈர யூனிஃபார்மோடு பள்ளி, அதே ஈரத்தோடு டியூஷன். சொல்லக் கூசும் இடத்தில் அரிப்பு. மயிலாப்பூரில் எங்கள் குடும்ப டாக்டரிடம் தனியாகப் போனேன். டாக்டர் மாமா என்றுதான் கூப்பிடுவோம். அவர் பரிசோதிக்கவில்லை. கேட்டுக்கொண்டார். "நீ ஆத்துக்குப் போம்மா" என்றார். நான் வீடு சேர்வதற்குள் அவருடைய போன் சேர்ந்துவிட்டது.

"யாருடீ அவன்?" என்றார் அப்பா.

யாரும் இல்லை. அதை ஒருவரும் நம்பவில்லை. பையைக் கொட்டினார்கள். போனைப் பிடுங்கினார்கள். டியூஷனை நிறுத்தினார்கள். மருந்து வாங்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

வகுப்புத் தோழி ஒருத்திதான் வழி சொன்னாள். "மேற்கு மாம்பலத்துல ஒரு ஸ்கின் டாக்டர் இருக்காங்க. வீட்ல பருன்னு சொல்லு."

சொன்னேன். அம்மாவே ஆட்டோ பிடித்து அனுப்பினாள். நாளைக்குக் கல்யாணம் என்றால் முகம் வேண்டுமே.

'கூட யார் வந்திருக்கா?' மாலதி டாக்டர் அதைக் கேட்கவில்லை. "எத்தனை நாளா?" என்று கேட்டார். வீட்டில் நடந்ததையும் சொன்னேன். நர்ஸைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பார்த்தார்.

"பூஞ்சை. ஈரம் பட்டா ஊறுகாய் மேல வருமே, அது மாதிரி. ஊறுகாயை யாராவது 'எவன்டி'ன்னு கேப்பாங்களா?"

பல நாட்களுக்குப் பிறகு சிரித்தேன். உடனே அழுதேன்.

மருந்தோடு ஒரு பரு கிரீமும் கொடுத்தார். "இது கண்ணாடிகிட்ட இருக்கட்டும். மத்தது உன் பையில." பிறகு குரல் மாறியது. "உயிருக்கு ஆபத்துன்னா நான் வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டேன். அப்பக்கூட உங்கிட்ட சொல்லிட்டுத்தான் அம்மாகிட்ட பேசுவேன். மத்தபடி இந்தக் கதவைத் தாண்டாது."

அடுத்த முறை நான் போனபோது, ஆற்றோரக் குடியிருப்பிலிருந்து ஒரு அம்மா மகளை இழுத்துக்கொண்டு வந்து கத்திக்கொண்டிருந்தார்.

"எம் பொண்ணுக்கு இன்னா மருந்து குடுத்த? மூஞ்சில ஒரு பரு இல்ல, இன்னாத்துக்கு இங்க வந்துகினு கீது?"

"வராம இருக்கத்தான் கிரீம். நீங்க உட்காருங்க. கன்னத்துல மங்கு படர்ந்திருக்கே, யார்கிட்டயும் காட்டலையா?"

அந்த அம்மா கன்னத்தைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மகள் சுவரைப் பார்த்தாள்.

அவர்கள் போனபின் டாக்டர் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார். "பிள்ளைங்களைப் பொய் சொல்ல வைக்கிற டாக்டராயிட்டேன். என்ன பண்ண? உண்மை சொன்னா அடி விழுதே."

நேற்று கோட்டூர்புரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னதாக இருந்தார். வாசலில் அவருடைய தம்பி வந்தவர்களை விசாரித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் இளைஞர்கள். எல்லோரும் தனித்தனியாக வந்தவர்கள்.

"நீங்க எப்படிம்மா?"

"பருவுக்கு." கையில் குழந்தையோடு ஒருத்தி.

"நீங்க?"

"பருவுக்குத்தான் சார்." தாடிக்காரன் ஒருவன்.

"எங்கக்கா ஊர் பருவையெல்லாம் பார்த்திருக்கா போலிருக்கே" என்றார் தம்பி. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பருவுக்கு எவ்வளவு அழலாம் என்று தெரியவில்லை. அடக்கிக்கொண்டோம்.

டாக்டர் மாமாவும் வந்தார். பெரிய மாலை. "ரொம்ப கண்ணியமான டாக்டர்" என்று சத்தமாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ எங்கே இங்கே? அப்பாகிட்ட சொல்றேன், உன்னைப் பார்த்தேன்னு."

சொல்லட்டும். நான் எழுதும் இதையும் அப்பாவிடம் காட்டட்டும்.

டாக்டர், நீங்கள் காத்தவற்றில் என்னுடையதை மட்டும் நானே திறந்துவிட்டேன். மற்றவர்களுடையது உங்களோடு எரியும். போய் வாருங்கள்.

அது பூஞ்சை, அப்பா.