பாலில் விஷம் வைத்தது யார்?

மல்லிகைப்பூ, பெட்டியிலிருந்து எடுத்த பட்டுப்புடவைகளின் பாச்சை உருண்டை வாசனை, கொஞ்சம் வியர்வை... அறுபதுகளில் பம்பாய் மாட்டுங்காவில் பார்த்த தமிழ் நாடகம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று சுற்றும். காற்று மட்டும் கீழே வராது.

கல்யாணமாகி, கும்பகோணத்திலிருந்து செம்பூருக்கு வந்த புதிது. இவருக்கு டிராம்பேயில் ஆபீஸ் வேலை. காலையில் டிபன் டப்பாவோடு பஸ் ஏறினால், விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவார். வந்ததும் பேப்பரில் முகத்தைப் புதைத்துக்கொள்வார். குழாயில் தண்ணீர் வந்ததா என்று கேட்பார். அவ்வளவுதான் பேச்சு.

என்னைப் பிடிக்கவில்லை என்றே முடிவுகட்டிவிட்டேன். அந்த ஊரில் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு மாமியின் குழந்தைக்கு ஜுரம். அவர்கள் வாங்கி வைத்திருந்த நாடக டிக்கெட் எங்கள் கைக்கு வந்தது. மாலைக் காட்சி, மர்ம நாடகம்.

திரை விலகியதும் ஒரு பங்களா. பணக்கார முதலாளி பாலைக் குடித்துவிட்டு சோபாவில் சரிகிறார். பாலில் விஷம். வீட்டில் இருந்தவர்கள் மனைவி, தம்பி, டாக்டர், சமையல்காரர். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டருக்கு ஒரு பக்க மீசை கழன்று தொங்கியது... ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் கதைக்குள் போயிருந்தோம்.

இடைவேளையில் ஹால் முழுக்க ஒரே விவாதம். இவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு யார்னு தோணறது?"

என் அபிப்பிராயத்தை இவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பொண்டாட்டிதான். உள்ளேர்ந்து வரச்சேயே அழுதுண்டு வரா. ஆம்படையான் செத்துட்டார்னு அவளுக்கு யார் சொன்னா?"

டாக்டர்தான் என்று இவர் தன் கட்சியைச் சொன்னார். அதற்கப்புறம் மேடையில் யார் எதைச் செய்தாலும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

கடைசியில் பார்த்தால்... சமையல்காரர்!

பஸ் ஸ்டாப்பிலும் சண்டை தொடர்ந்தது. அவள் அழுதுகொண்டு வந்ததற்கு நாடகத்தில் காரணமே சொல்லவில்லையே என்றேன். இவர் யோசித்துப் பார்த்துவிட்டு, எழுதினவர்தான் தப்புப் பண்ணிவிட்டார், நீ சொன்னதுதான் சரி என்றார். பேச்சு சுவாரசியத்தில் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டோம்.

அந்தத் தைரியத்தில், அடுத்த பஸ்ஸில் உட்கார்ந்ததும் கேட்டே விட்டேன்.

"ஆத்துல ஏன் எங்கிட்ட பேசவே மாட்டேங்கறேள்?"

இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "ரயில்ல வழி பூரா அழுதுண்டே வந்தே. என்னைப் பிடிக்கலை போலருக்குன்னு நெனைச்சுண்டேன்."

அம்மாவை விட்டுவிட்டு வருகிறவள் அழாமல் என்ன செய்வாள்? எனக்கு வந்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். இவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. செம்பூர் வரும்வரை பேசினோம்... இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதும்.

இப்போது வீட்டு டி.வி.யிலேயே எத்தனையோ கொலைக் கதைகள். நாடகத்துக்கென்று புடவை மாற்றிக்கொண்டு கிளம்புவதும் இல்லை, கூட்டத்தில் இடித்துக்கொண்டு நிற்பதும் இல்லை. ஒன்று முடிவதற்குள் அடுத்தது தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது. இடைவேளை என்ற ஒன்றே கிடையாது.

நான்தான் பாதியில் ரிமோட்டை எடுத்து நிறுத்துவேன். இவர் காது மெஷினைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்புவார்.