அட்டையில் வளர்ந்த தம்பி

எங்கள் ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகத்தில் அவளுடைய உண்மைப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவள் ரெட்டையக்கா. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலோடு நிற்கும் வேறுவேறு சொற்களைப் பிரித்து வைப்பதுதான் இருபத்தாறு வருடமாக அவள் வேலை. 'இயர்' என்றால் காது; அதே எழுத்தில் தானியக் கதிரும் உண்டு. கதிர் காது மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர் வந்திருக்கும் என்று நான் ஒருநாள் மேதாவித்தனமாகச் சொல்லிவைத்தேன். அக்கா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"முகம் ஒண்ணா இருந்தா பெத்த வயிறும் ஒண்ணா இருக்கணுமா? பழைய ஆங்கிலத்துல ரெண்டும் தனித்தனிச் சொல்லு. தேஞ்சு தேஞ்சு ஒரே மாதிரி ஆயிடுச்சு, அவ்வளவுதான்."

முத்திரையான 'சீல்' லத்தீனிலிருந்து வந்ததாம். கடலில் நீந்தும் 'சீல்' ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளையாம். நாய் குரைக்கும் 'பார்க்' உள்வீட்டுச் சொல், மரப்பட்டை 'பார்க்' வடக்கே கடல் தாண்டி வந்த விருந்தாளி. ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை. பிறப்பு, பொருள், கீழே ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம். தப்பாகிப் போனாலும் அட்டையைக் கிழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு அடித்து, அடியில் புதிதாக எழுத வேண்டும். இது அலுவலகச் சட்டம்.

நான் பக்கத்து மேசையில் பிழை திருத்துகிறவள். அதனால்தான் கவனித்தேன். அக்காவின் வாக்கியங்களில் எல்லாம் ஒரு தம்பி வந்துகொண்டே இருந்தான். தம்பி கடிதத்துக்கு முத்திரை வைத்தான். நாய் குரைத்ததும் தம்பி சிரித்தான். 'வெல்' என்ற சொல்லில் நன்றாக என்பது ஒரு அட்டை, கிணறு இன்னொரு அட்டை. கிணற்று அட்டையில், "தம்பி கிணற்றில் விழுந்து இடது சுண்டுவிரலை ஒடித்துக்கொண்டான்" என்றிருந்தது.

அவளுக்கு உண்மையிலேயே ஒரு தம்பி உண்டு. பத்தொன்பது வயதில் அப்பாவோடு சண்டை போட்டு, சாப்பாட்டுத் தட்டை வீசியெறிந்துவிட்டுப் போனவன். இருபத்திரண்டு வருடமாக ஒரு தகவலும் இல்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் அம்மாவும் அக்காவும்தான்.

சொந்தக்காரர்களை எடுத்துக்காட்டில் நுழைக்கக் கூடாது என்று நான் பென்சிலை எடுத்தபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாவுக்கு அவன் காணாமப் போனவன். எனக்கு இங்க வளர்ந்துட்டு இருக்கான். விட்டுடு."

மனசு கேட்கவில்லை, விட்டுவிட்டேன். அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை அக்கா வந்து பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

"தம்பி வந்துட்டான்."

நான் துள்ளி எழுந்தேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அதே முகம். அதே நடை. ஆனா கிணத்துல விழுந்தது ஞாபகம் இருக்கான்னு என்கிட்டயே கேக்கறான். எங்க வீட்டுல கிணறே கிடையாதுடி."

எவனோ எங்கள் அகராதியைப் படித்துவிட்டு வந்த புரட்டுக்காரன் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மதியமே விடுப்பு சொல்லிவிட்டு இரண்டு பேரும் கிளம்பினோம்.

வழியில் அக்கா பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினாள். 'லேப்' என்ற சொல், மடி என்ற பொருளில். அச்சுக்குக் கொடுக்காதது. போன வருடம் அம்மா இதயக் கோளாறோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எழுதினாளாம். "தம்பி திரும்பி வந்தான், அம்மா அவன் மடியில் தலை வைத்து நிம்மதியாக உயிரை விட்டாள்."

"அந்த ஒரு நிம்மதியாவது அவளுக்குக் கிடைக்கட்டும்னு எழுதினேன். எழுதினதும் வெக்கமாப் போச்சு, பையிலயே வெச்சுட்டேன். பாதி நடந்துடுச்சு. மீதி?"

அட்டையை இன்னொரு முறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

கதவைத் திறந்தது அவன்தான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். டம்ளரைப் பிடித்திருந்த இடது கையில் சுண்டுவிரல் கோணியிருந்தது. படித்துவிட்டு வந்தவன் விரலையுமா ஒடித்துக்கொள்வான்?

"கிணத்துல தண்ணி நிறைய இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"கிணற்றில் விழுந்தேன். சுண்டுவிரலை ஒடித்துக்கொண்டேன்" என்றான். அச்சடித்த மாதிரி.

"யாரு தூக்கி விட்டாங்க?"

அவன் வாய் லேசாகத் திறந்தபடி நின்றது. மறைக்கிறவன் முகமாக இல்லை அது. அதற்கு மேல் அவனிடம் ஒன்றுமே இல்லை. அப்பாவோடு போட்ட சண்டையைக் கேட்டேன். எறிந்த தட்டைக் கேட்டேன். அதே வெறும் பார்வை. எழுதியது முடிந்த இடத்தில் அவனும் முடிந்துபோயிருந்தான்.

அம்மாவுக்கு இதெல்லாம் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அவன் வந்த இரண்டே நாளில் முகம் தெளிந்து, சிரித்துச் சிரித்துப் பேசினாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. பேச்சின் நடுவில், "தலை கனக்குது, கொஞ்ச நேரம் சாயறேன்" என்றாள். அவன் உடனே பாயில் உட்கார்ந்து காலை மடக்கி, மடியைத் தடவிச் சரி செய்தான்.

அக்கா பையிலிருந்து அட்டையையும் பேனாவையும் எடுத்தாள். அம்மா கேட்டதெல்லாம் அந்த மடிதான். அதைக் கொடுத்தால் அம்மா இருக்க மாட்டாள். அம்மாவின் தலை தாழ்ந்துகொண்டே வந்தது.

அக்கா அட்டையைச் சுவரில் வைத்து, ஒரே கோடாக அடித்தாள். அடியில் எழுதினாள். "தம்பி அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போனான்."

அவன் எழுந்துவிட்டான். அம்மாவின் தலையைத் தாங்கித் தலையணையில் வைத்தான்.

"அம்மா, போய் வருகிறேன்."

செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினான். நான் வாசலுக்கு ஓடினேன். நட்டநடு மதியம், நேரான தெரு, ஒளிய ஒரு மறைவு கிடையாது. தெருவில் யாரும் இல்லை.

உள்ளே அக்கா அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, "என்னை மன்னிச்சுடும்மா, நான்தான் அனுப்பிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மா அவள் தலையில் கை வைத்தாள்.

"அவன் நம்ம பிள்ளை இல்லைன்னு முதல் நாளே தெரியும்டி. நம்ம பிள்ளை தட்டை எறிஞ்சுட்டுப் போனவன். இவன் கழுவிக் கவுத்து வெச்சான். ஆனா எந்த வீட்டுப் பிள்ளையோ, யாரோ அவனை ரொம்ப ஆசையா வளத்திருக்காங்க."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அட்டை அவள் மடியில் கிடந்தது.